வெட்டுக்குழியில் ஏறியவள்

தவசிமுத்து கண்டக்டரின் நெற்றியிலிருந்து வழிந்த எண்ணெயில் பஸ் ஓடியதை ஓலக்கோட்டில் யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பஸ்ஸில் தங்கள் வீட்டு ஆள் யாராவது ஏறியிருக்கிறார்களா என்பது மட்டும்தான் எல்லோருக்கும் கேள்வியாக இருந்தது.

அவர் முப்பத்தொரு வருஷம் ஒரே தடத்தில் போனவர். அரசமூட்டில் கிளம்பி, சந்தைமுக்கு, கல்லுப்பாலம், புளியமூடு, ஓலக்கோடு, காவுவிளை, வெட்டுக்குழி என்று மேடும் பள்ளமுமாய் ரப்பர்த் தோட்டங்களுக்குள் புகுந்து புறப்பட்டு ஆற்றுக்கடவில் போய் நிற்கும் பதினேழு ஸ்டாப் தடம் அது. ஆட்களை அவர் பெயரால் அறிந்ததில்லை, ஏறுகிற இடத்தால்தான் அறிந்தார். கல்யாணப் பந்தலில் நின்றுகொண்டு, "சந்தைமுக்கு வந்தாச்சு, பனவிளையத்தான் இன்னும் காணல்ல" என்பார். மனைவி லீலாபாய் கான்வென்டில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரெல்லாம் டீச்சர் என்று அழைத்த அவளை, கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் நாற்பத்தி நாலு வருஷமாக அவர் வெட்டுக்குழி என்றே கூப்பிட்டார். "வெட்டுக்குழி, தண்ணி கொண்டா." "வெட்டுக்குழிக்கு இன்னைக்கு மூக்கு செவந்திருக்கே." வேறு பெயரில் யாராவது கூப்பிட்டால் அவளுக்கே ஒரு கணம் திரும்பத் தோன்றாது.

போன மழைக்காலத்தில் மறதி வந்தது. முதலில் கண்ணாடி, பிறகு விளக்கின் சுவிட்சு, பிறகு கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. ஆனால் காலையில் காப்பி குடிக்கும் முன் பதினேழு ஸ்டாப்பையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை, அவளும் அடுப்படியில் நின்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருப்பாள், ஏழாவது விரல் மடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஐப்பசியில் ஒரு நாள் காவுவிளைக்கும் வெட்டுக்குழிக்கும் நடுவே அவர் நின்றுவிட்டார். பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்து, தரைக்கு வந்த பிறகுதான் அடுத்த ஸ்டாப் வந்தது. அன்றைக்கே அவள் பெட்டியை எடுத்து வைத்து அவரை ஓலக்கோட்டு விலாசினி வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போனாள்.

விலாசினி, அப்பாவின் வைத்தியசாலையை அப்பாவுக்குப் பின் நடத்துகிறவள், ஐம்பது வயசு, காலேஜுக்குப் போன காலத்தில் அவளும் கல்லுப்பாலத்தில் அந்தப் பஸ் ஏறியவள்தான்.

"கல்லுப்பாலம், நரைச்சுப் போச்சே" என்றார் கண்டக்டர் அவளைப் பார்த்ததும்.

வைத்தியர் சிரித்துவிட்டு நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், நேரம் எடுத்துக்கொண்டு கண்களைப் பார்த்தாள். பிறகு லீலாபாயைத் தனியே அழைத்து, "டீச்சரே, போனத முழுசும் திருப்பித் தருவேண்ணு நான் சொல்லமாட்டேன். ஓடிக்கிட்டிருக்க மறதியக் கொஞ்சம் பையப் போகச் சொல்லலாம், அவ்வளவுதான்" என்றாள்.

"எனக்கு ஏழாவது ஸ்டாப்பு போகாம இருந்தாப் போதும்" என்றாள் லீலாபாய்.

வெறும் வயிற்றில் ஒரு கரண்டி பிரமி நெய், மதியம் சோற்றோடு வல்லாரைத் துவையல், படுக்கும் முன் பாலில் சங்குபுஷ்பம், இவையெல்லாம் பக்கத்துணை. முக்கியமான வேலை தாரை. மரத்தோணியில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே தொங்கும் சட்டியின் ஓட்டையில் திரி கோத்து, வல்லாரையும் பிரமியும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் நெற்றியில் இடமும் வலமுமாய் ஒழுக விட வேண்டும். ஏழு நாள் கணக்கு அதற்கு. முதல் மூன்று நாள் வழிகிற எண்ணெய் ஒரு பானையில் சேரும், அதையேதான் மூன்று நாளும் ஊற்றுவார்கள். அடுத்த மூன்று நாளுக்குப் புது எண்ணெய், வேறு பானை. ஏழாம் நாள் இரண்டு பானையையும் ஒன்றாய்க் கலந்து கடைசித் தாரை. அதோடு எண்ணெயின் வேலை முடிந்தது; காஞ்சிர மரத்தடியில் குழி வெட்டி ஊற்றி மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும், வேறு தலைக்கு ஆகாது, விளக்குக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்பவர்களுக்கு வைத்தியரின் அப்பா பதில் சொன்னதில்லை, அதனால் வைத்தியருக்கும் தெரியாது.

பிழை வாசுவிடமிருந்து வந்தது. அங்கே இருபது வருஷமாய் எண்ணெய் ஊற்றுகிறவன், கை நடுங்காதவன், எதையும் வீணாக்கப் பொறுக்காதவன். மூன்றாம் நாள் சாயங்காலம் காற்றடித்துக் கரண்டு போனது. வாசல் விளக்குக்கு எண்ணெய் இல்லை. எப்படியும் ஏழாம் நாள் மண்ணுக்குப் போகிற எண்ணெய்தானே என்று வாசு முதல் பானையிலிருந்து ஒரு கரண்டி மோந்து ஊற்றித் திரியைக் கொளுத்தினான். சுவரில் வெளிச்சம் விழுந்தது, வெளிச்சத்தில் மழை பெய்தது, தார்ப்பாய் இறக்கிவிட்ட பஸ் ஒன்று முனகிக்கொண்டு வந்து நின்றது, புளியமூட்டு ஸ்டாப்பில் ஐந்து வயசு வாசு தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வாழையிலையைக் குடையாய்ப் பிடித்துக்கொண்டிருந்தான். "மக்களே, தலைய குனி, படியில இடிக்கும்" என்றது இளவயசுக் கண்டக்டரின் குரல். அப்பா இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. எண்ணெய் தீரும் வரை வாசு அசையவில்லை, தீரும்போது அவன் பின்னால் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.

"மிச்சம் உண்டாடே?" என்றார் டீக்கடை கேபிரியேல்.

மிச்சம் இருந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு கரண்டியாய், வாசு எரித்ததையும் சேர்த்துப் பதினேழு கரண்டி போய்விட்டது, ஒரு கரண்டிக்கு ஒரு ஸ்டாப், யாருக்கு எந்த ஸ்டாப் விழும் என்பது கரண்டியின் பாடு. ஊர் அதற்குத் தக்கபடி தன்னை ஒழுங்கு செய்துகொண்டது. பஞ்சுத்திரியை விட வாழைநார்த் திரியில் முகம் தெளிவாய்த் தெரிகிறது என்று கண்டுபிடித்தார்கள். தங்கள் ஆள் இல்லாத ஸ்டாப் விழுந்தவர்கள் அண்டை வீட்டோடு மாற்றிக்கொண்டார்கள். ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருந்தது என்று இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய வழக்கு ஒன்று அண்ணன் தம்பிக்குள் தீர்ந்தது, வேறொன்று புதிதாய்த் தொடங்கியது. பங்குச் சாமியார் பூசையில், செத்தவர்கள் பயணத்தில் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

லீலாபாய்க்கு ஒன்றும் தெரியாது. நான்காம் நாள் காலையில் அவர் ஸ்டாப் சொல்லும்போது கல்லுப்பாலத்திலிருந்து நேரே ஓலக்கோட்டுக்குத் தாவியதைக் கேட்டாள். தோணியில் படுத்தவர் தலைமாட்டில் நின்ற வாசுவைப் பார்த்து, "ஆரு இது? எனக்க தலையத் தொடுகது ஆரு?" என்றார். வாசு சட்டியைச் சரிசெய்தான். நடுவில் இப்படிக் கலங்கும், பிறகு தெளியும் என்றாள் வைத்தியர், ஆனால் அவள் புருவம் அவள் சொன்னதை நம்பவில்லை.

அன்று சாயங்காலம் வெற்றிலை வாங்க முக்குக்குப் போனவள் டீக்கடையில் கூட்டத்தைக் கண்டாள். வழி விட்டார்கள். "வாங்கோ டீச்சரே, ஒங்களுக்க ஆளு நல்லா ஓடுகாரு" என்றார் கேபிரியேல். கரிபிடித்த சுவரில், தலை நிறைய முடியோடு, காதில் பென்சிலோடு, அவள் மட்டுமே அறிந்திருந்த அந்தச் சிரிப்போடு தவசிமுத்து விசில் ஊதிக்கொண்டிருந்தார். பனவிளையில் ஆட்கள் ஏறினார்கள். ஒரு கிழவி கோழியோடு ஏறினாள், கூட்டம் சிரித்தது, சிரிப்பு அடங்குவதற்குள் திரி சிமிட்டி, பஸ் மங்கி, சுவர் வெறும் சுவரானது. விளக்காய் வைத்திருந்த கொட்டாங்கச்சியில் எண்ணெய் இல்லை.

மறுநாள் காலை அவர் பனவிளையைச் சொல்லவில்லை. சந்தைமுக்கையும் சொல்லவில்லை.

அவள் காப்பியை அங்கேயே வைத்துவிட்டு எண்ணெய் அறைக்குள் போனாள். முதல் பானையின் மூடியைத் தூக்கினாள். அடியில் விரல் நனையும் அளவுக்குத்தான் இருந்தது.

"வாசு" என்றாள் மெதுவாக. அவன் வந்து நின்றான், நின்றபடியே அழுதான். "மண்ணுக்குப் போறதுதானேண்ணு நெனச்சிட்டேன் டீச்சரே. மண்ணுக்குப் போறதுக்கு முந்தி ஒரு தடவை தலைக்குப் போகணும்லா, அது எனக்குத் தோணாமப் போச்சு."

வைத்தியர் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அப்பா ஏன் பதில் சொன்னதில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "எரிஞ்சது எரிஞ்சதுதான்" என்றாள் கடைசியில். "எரியாத எண்ணெய் நாளைக்களிச்சு, ஏழாம் நாளு காலத்த எட்டு மணிக்கு முந்தி இந்தப் பானைக்கு வந்தா, அதத் தலைக்குத் திருப்பலாம். அதுக்குப் பொறவு நான் நெனச்சாலும் நடக்காது."

லீலாபாய் வைத்தியசாலையின் பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. தையல் வகுப்பில் வெட்டுத்துணியைத் திருப்பி வாங்குகிற குரலில், "அவருக்க எண்ணெயத் தாங்கோ" என்று கேட்டாள். சுயம்புலிங்கத்தின் மனைவி ஓடிவந்து கொட்டினாள்: "கொண்டு போங்க டீச்சரே, புண்ணியமாப் போவும். இந்த மனுஷன் கல்யாணத்துக்கு முந்தி எவ பக்கத்துல உக்காந்துட்டுப் போனாருண்ணு பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியுது." தோட்டத்துக் கணக்கர் முதலில் கதவைத் திறக்கவே இல்லை, திறந்தபோது கண் சிவந்திருந்தது. "அம்மை கூடையோட எறங்கிட்டு ஒரு தடவை திரும்பிப் பாப்பா டீச்சரே, அந்த ஒரு தடவைக்குத்தான்" என்றார், என்றாலும் கொடுத்தார். ஒரு வீட்டில் எண்ணெயைக் குழந்தையின் தலையில் தேய்த்திருந்தார்கள், அந்தக் குழந்தை தொட்டிலில் படுத்துக்கொண்டு "ஆற்றுக்கடவு, எறங்கு எறங்கு" என்று தெளிவாய்ச் சொன்னது, தாய் ஒரு துணியால் ஒற்றி அந்தத் துணியைத் தூக்குக்குள் பிழிந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் குறைந்திருந்தது, ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் திரியைக் கிள்ளி முகர்ந்து, அல்லது ஒரு கணம் கொளுத்திப் பார்த்து, எந்த ஸ்டாப் என்று தெரிந்துகொண்டு ஊற்றினாள்.

ஆறாம் நாள் காலை அவர் ஸ்டாப்புகளைச் சொன்னபோது காவுவிளைக்குப் பிறகு வண்டி வெகுநேரம் நின்றது. அவள் கையில் வேட்டியோடு நின்றாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், மரியாதையாக, ஒரு புதிய பயணியைப் பார்ப்பதுபோல.

"நீங்க... எங்கேருந்து ஏறினிய?"

அவள் வாயைத் திறக்கும் முன் அவருக்கே வந்துவிட்டது. "ஏட்டி, வெட்டுக்குழி. கண்ணு மயங்குது" என்று சிரித்தார். ஆனால் அவள் வேட்டியைத் தரையில் போட்டிருந்தாள், குனிந்து எடுக்க அவளால் முடியவில்லை.

எங்கோ ஒரு வீட்டில் வெட்டுக்குழி எரிந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்குக் கொஞ்சமாய் எரிந்துகொண்டிருந்தது.

மதியத்துக்குள் பதிமூன்று வீட்டு எண்ணெய் தூக்கில் சேர்ந்துவிட்டது. வாசலில் ஒன்றும், டீக்கடையில் ஒன்றும், சந்தையில் ஒன்றுமாய் மூன்று எரிந்தே போயின. மிச்சம் ஒன்று. அது யாரிடம் என்று வாசு சொல்லத் தயங்கினான், நகத்தால் நகத்தைக் கீறினான், பிறகு சொன்னான்: "ரோசம்மாளுக்கு."

ரோசம்மாளை எல்லோருக்கும் தெரியும். வெட்டுக்குழிக் கிணற்றுக்குப் பக்கத்து வீடு, எழுபத்தெட்டு வயசு, மீன் சுமந்து மீன் சுமந்து வளைந்த கழுத்து. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகள் ஸ்டெல்லா ஒன்பது வயசில் மூன்று நாள் காய்ச்சலில் போனாள். படம் கிடையாது, படம் பிடிக்கிற வீடு இல்லை அது.

லீலாபாய் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்து மாதாகோயிலில் மணி அடித்தது. கதவு திறந்தே இருந்தது. ரோசம்மாள் ஜன்னலைச் சாக்கால் மறைத்துவிட்டு, சின்னக் கிண்ணத்தில் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். தூக்கைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"வருவியண்ணு தெரியும் டீச்சரே. ஊரே பேசுது. எடுத்துட்டுப் போறதுண்ணா போங்கோ. ஒரு தடவை பாத்துட்டுத் தாறேன், இரியுங்கோ."

லீலாபாய் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

சுவரில் பஸ் வந்தது. கூட்டம் பிதுங்கியது. இரட்டைப் பின்னலும் சிலேட்டுமாக ஒரு சிறுமி ஏறினாள், உட்கார இடம் இல்லை, கம்பி எட்டவில்லை, பஸ் குலுங்கியதும் தள்ளாடினாள். அவளுக்கு முன்னால் ஏறி ஜன்னலோரத்துக் கடைசி இடத்தைப் பிடித்திருந்த மஞ்சள் தாவணிப் பெண் கையை நீட்டி அவளை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்தாள். சிறுமி திரும்பி அவள் முகத்தைப் பார்த்து, முன்பல் இரண்டு இல்லாத வாயால் சிரித்தாள். "மடிக்கு டிக்கெட் வேண்டாம்" என்றது கண்டக்டரின் குரல், சொன்ன பிறகு அந்தக் குரல் வாயடைத்துப்போனது, ஏனென்றால் மஞ்சள் தாவணி நிமிர்ந்து அவரைப் பார்த்திருந்தது. சுவரில் தெரிந்த வெளிச்சம் முழுவதும் அந்த முகத்தில் போய் நின்றது.

லீலாபாய் தன் இருபத்தி ரெண்டு வயசு முகத்தைப் பார்த்தாள். தன்னை ஒருவர் இப்படிப் பார்த்திருந்தார் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. தெரியாது என்றால், அவர் சொல்லியிருக்கிறார். கேட்டதும் கண்டதும் ஒன்றாகிவிடாது.

ரோசம்மாள் இரண்டு விரலால் திரியைக் கிள்ளி அணைத்தாள். விரல் நுனி கறுத்திருந்தது, மூன்று நாளாய்க் கிள்ளிய விரல்.

"ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லுற நேரம் மட்டுந்தான் கொளுத்துவேன். அதுக்கு மேல கொளுத்தமாட்டேன்" என்றாள். "இப்பிடியே போனா ஈஸ்டர் வரைக்கும் வரும்."

லீலாபாய் தூக்கைப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"அந்த மஞ்சத் தாவணி ஆருண்ணு தெரியல்ல. நம்ம பக்கத்துப் பிள்ளையாத்தான் இருக்கணும். எனக்க மக மீன் நாத்தம்ணு ஒருத்தரும் பக்கத்துல அண்டவிடமாட்டாவ. அவ மடியில தூக்கி வச்சா, பாத்தியளா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டு."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

லீலாபாய் வாங்கினாள். ஒரு உள்ளங்கை எண்ணெய். தூக்கின் மூடியைத் திறந்தாள், உள்ளே பதிமூன்று ஸ்டாப்பும் ஒன்றோடொன்று கலந்து அசைந்துகொண்டிருந்தன. பாதியை மட்டும் ஊற்றலாமா என்று நினைத்தாள். பாதி என்றால் எந்தப் பாதி, மடியா, மடியில் இருப்பவளா. அவள் கிண்ணத்தைச் சாய்த்தாள். விளிம்பு வரை எண்ணெய் வந்து நின்றது. ரோசம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள், வெறும் சுவர்தான், இருந்தாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளிம்புக்கு வந்த எண்ணெய் திரும்பிப் போனது.

"இது வேற ஸ்டாப்பு" என்றாள் லீலாபாய். "அவருக்கு வேண்டியது இதில இல்ல. நீங்க வச்சுக்கோங்கோ."

"கர்த்தர் சாட்சியாச் சொல்லுதியளா டீச்சரே?"

"ஆமா. திரிக்கு வாழைநார் போடுங்கோ. முகம் இன்னும் தெளியும்."

வெளியே வந்து, தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, வெட்டுக்குழி ஸ்டாப்பைத் தாண்டி, காவுவிளையைத் தாண்டி, பஸ் வந்தும் ஏறாமல் ஓலக்கோடு வரை நடந்தாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கிடைத்ததா என்று கேட்டார்கள். கிடைத்தது என்றாள்.

ஏழாம் நாள் எட்டு மணிக்கு வைத்தியர் இரண்டு பானையையும் கலந்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக வாசு சட்டியை இரண்டு கையாலும் பிடித்தான். நூல் போல எண்ணெய் இறங்கி நெற்றியில் விழுந்தது, இடம் போனது, வலம் போனது. வெளியே வேலியோரம் ஊர் நின்றது, யாரும் இருமக்கூட இல்லை. அரை மணி கழித்து அவர் உதடு அசைந்தது. "அரசமூடு." நிறுத்தி, "கல்லுப்பாலம்." வைத்தியர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓலக்கோடு. காவுவிளை." எண்ணெய் இடம் போனது, வலம் போனது. லீலாபாயின் ஆறாவது விரல் மடங்கியிருந்தது. ஏழாவதை அவள் மடக்கவில்லை, நீட்டியே வைத்திருந்தாள். "மாதாகுருசடி" என்று எட்டாவதைச் சொன்னார் அவர், பிறகு பனவிளையை மட்டும் விட்டுத் தடையில்லாமல் வரிசையாக, ஆற்றுக்கடவு வரை. வேலியில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

குளிப்பாட்டி, உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்து, வெள்ளை வேட்டி உடுத்தி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கண் தெளிந்திருந்தது. வைத்தியரைப் பார்த்து, "கல்லுப்பாலம், அப்பா சொகந்தானா?" என்றார். வாசுவைப் பார்த்து லேசாய்த் தலையசைத்தார், அறிமுகமில்லாதவனிடம் நன்றி சொல்வதுபோல. வாசு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லீலாபாய் கதவருகே நின்றாள். காலையில் பெட்டியின் அடியில் தேடி எடுத்து உடுத்தியிருந்த மஞ்சள் சேலை, மடிப்பெல்லாம் அப்படியே நின்றது.

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை நகராமல் நின்றது, கொஞ்ச நேரம் வாயடைத்துப்போய் இருந்தார். பிறகு பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டார்.

"நிக்கண்டாம், உக்காருங்கோ" என்றார். "எங்க எறங்கணும்?"

அவள் வந்து உட்கார்ந்தாள். சேலையின் மடிப்பை முழங்காலில் நீவிவிட்டாள்.

"கடைசி ஸ்டாப்பு" என்றாள்.

"அப்ப தூரம் உண்டு" என்றார் தவசிமுத்து கண்டக்டர். "சாய்ஞ்சு உக்காருங்கோ."